மேடையும் இசைத்தட்டும்: ஃபுளோரி ஃபோர்டின் சான்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒலிப்பதிவின் தொடக்க காலத்தைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளிவரும் தொடரை விடாமல் படித்து வருகிறேன். பாட்டும் நகைச்சுவையும் கலந்த பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடந்த இங்கிலாந்தின் மியூசிக் ஹால் அரங்குகளில் பாடியவர்களின் பிழைப்பில் கிராமபோன் மண்ணைப் போட்டுவிட்டது என்று அண்மைப் பகுதியில் பொதுப்படையாக எழுதியிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. முதல் தலைமுறைப் பாடகர்கள் பலருக்கு நடந்தது இதற்கு நேர்மாறானது என்பதற்குப் பாடகி ஃபுளோரி ஃபோர்டு ஒருவரின் வாழ்க்கையே போதும்.

1875-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் பிறந்த இவர், பதினாறு வயதில் வீட்டை விட்டு சிட்னிக்குப் போய் மேடையேறினார். 1897-இல் லண்டன் வந்தவர், ஆகஸ்ட் மாத வங்கி விடுமுறை நாளன்று ஒரே இரவில் மூன்று அரங்குகளில் பாடி அந்நகருக்கு அறிமுகமானார். 1903-இல் ஒலிப்பதிவு தொடங்கியது. 1936 வரை சுமார் 700 பதிவுகள். இத்தனை ஆண்டுகளிலும் அவர் மேடையை விட்டு விலகவே இல்லை என்பதைத்தான் கட்டுரையாளர் கவனித்திருக்க வேண்டும். 1912-இல் மன்னர் முன்னிலையில் நடந்த முதல் மியூசிக் ஹால் நிகழ்ச்சியில் அவர் இடம்பெற்றார். ஐல் ஆஃப் மேன் தீவின் டக்ளஸ் நகரில் ஆண்டுதோறும் கோடைக்காலம் முழுவதும் பாடினார்.

அவர் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் கூட்டமே சேர்ந்து பாடக்கூடிய கோரஸ் பாடல்கள். அவருடைய புகழுக்கு அடையாளமாக இன்றும் சொல்லப்படும் ‘டவுன் அட் தி ஓல்டு புல் அண்டு புஷ்’ பாடல், அமெரிக்காவில் ஒரு பீர் நிறுவனத்தைப் புகழ்ந்து எழுதப்பட்டு, பிறகு லண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியிலுள்ள மதுவிடுதி ஒன்றின் பெயருக்கு மாற்றப்பட்டது. அப்படிப்பட்ட விளம்பரப் பாட்டை ஊரே தன் பாட்டாக எடுத்துக்கொள்ளும்படி செய்தது ஃபோர்டின் திறமை. அரங்கில் கேட்டவர் இசைத்தட்டை வாங்கினார். இசைத்தட்டில் கேட்டுக் கோரஸை மனப்பாடம் செய்தவர் மறுமுறை அரங்குக்கு வந்து உரக்கப் பாடினார். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட்டது என்பதே என் கணிப்பு.

இன்று கேட்டால் அந்தப் பதிவுகள் தட்டையாகவும் கத்துவதுபோலவும் இருக்கின்றன என்ற கட்டுரையாளரின் வருத்தம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் குரல் எப்படிப் பதிவாயிற்று என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். 1925-இல் மின்சார முறை வரும்வரை பதிவறையில் மைக் கிடையாது. பாடுபவர் பெரிய கூம்புக்குழல் ஒன்றின் வாய்க்கு நேரே நின்று பாட, அதன் மறுமுனையிலிருந்த மெல்லிய தகடு அதிர்ந்து, ஊசி மெழுகில் தடம் கீறும். மெல்லப் பாடினால் எதுவும் பதியாது. உச்சத்துக்குப் போகும்போது முகத்தைச் சற்றே பின்னுக்கு இழுக்காவிட்டால் ஒலி சிதறித் தடம் கெட்டுவிடும். சாதாரண வயலினின் ஒலி குழலுக்கு எட்டவில்லை என்று, மரக்கூட்டுக்குப் பதில் உலோகக் குழல் பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசித்தார்கள். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே அடங்கும். இடையில் பிசகினால் வெட்டி ஒட்ட வழியில்லை, முதலிலிருந்து பாட வேண்டியதுதான். ஒலிபெருக்கி இல்லாத அரங்கின் கடைசி வரிசைவரை ஒவ்வொரு சொல்லையும் கொண்டுசேர்த்துப் பழகிய ஃபோர்டின் குரலுக்கு இந்தக் கருவி ஒத்துப்போனதில் வியப்பில்லை. அதில் பதியாமல் போனது அரங்கத்தின் பதில் பாட்டு.

பாடகர்கள் இழந்ததைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் சட்டத்தைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும். பாடகரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் அவர் பாடுவதைப் பதிவு செய்வதைக் குற்றமாக்கிய பிரிட்டிஷ் சட்டம் 1925-இல்தான் வந்தது. ஃபோர்டு அதற்குள் இருபது ஆண்டுகளுக்கு மேல் பதிவறையில் பாடியிருந்தார்! அரங்குகள் நலிந்ததற்கு வானொலியையும் பேசும் படத்தையும் முதலில் சொல்வதே பொருத்தம். அந்த நலிவுக் காலத்திலும் அவர் சொந்தக் குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். பின்னாளில் பெரும் புகழ்பெற்ற ஃபிளனகன்–ஆலன் நகைச்சுவை இணை உருவானது அந்தக் குழுவில்தான். 1940 ஏப்ரல் 18 அன்று, ஸ்காட்லாந்தின் அபர்டீனில் போர்வீரர்களுக்காகப் பாடிய சற்று நேரத்தில் காலமானார். இறுதிவரை மேடையில் இருந்த ஒருவரை மேடையை இழந்தவர்கள் பட்டியலில் சேர்ப்பது அவருக்கு இழைக்கும் அநீதி.

தொடரின் வரும் பகுதியொன்றில் ஃபோர்டைப் பற்றித் தனியே எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். அவ்வாறு எழுதும்போது, குறிப்பிடும் ஒவ்வொரு பதிவும் 1925-க்கு முற்பட்டதா பிற்பட்டதா என்பதையும் தெரிவித்தால், குழல்வழிப் பதிவையும் மின்சாரப் பதிவையும் வாசகர்கள் தாங்களே ஒப்பிட்டுக் கேட்டுக்கொள்ள முடியும்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்