வீசியதா, விழுந்ததா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கப்பல் விபத்துகள் பற்றிய கட்டுரையில் 'கடலில் மிதப்பது ஃப்ளோட்சம், கரை ஒதுங்குவது ஜெட்சம்' என்று ஒரு வரி வந்திருந்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல முடியாது, ஆங்கிலத்திலேயே பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள், இரண்டையும் ஜோடியாகவே சொல்லிச் சொல்லி 'கண்ட கண்ட சாமான்' என்ற அளவுக்கு அந்தச் சொற்களைத் தேய்த்தும் விட்டார்கள். ஆனால் கடல் சட்டம் முதலில் கேட்பது அந்தப் பொருள் எப்படிக் கடலுக்குள் போனது என்றுதான்.

கப்பல் ஆபத்தில் இருக்கிறது, பாரத்தைக் குறைத்தால்தான் தப்பும் என்று மாலுமிகள் தாங்களே தூக்கி வீசுகிற சரக்கு ஜெட்சம். கப்பல் உடைந்தோ கவிழ்ந்தோ போய், சரக்கு தானாக மிதந்தால் அது ஃப்ளோட்சம். 1601-ல் இங்கிலாந்தில் சர் ஹென்றி கான்ஸ்டபிள் வழக்கிலேயே இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார்கள். 1765-ல் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் எழுதும்போது, ஜெட்சம் என்பது வீசப்பட்டு மூழ்கிக் கிடக்கும் சரக்கு என்கிறார். கரைக்கே வரவில்லை பாருங்கள்!

இதெல்லாம் வெறும் அகராதிச் சண்டை இல்லை. ஒரு வியாபாரியின் மூட்டைகளை வீசியதால் கப்பலும் மற்றவர்களின் சரக்கும் தப்பித்தன என்றால், அவருடைய நஷ்டத்தை எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பது ரோமானியர்கள் ரோட்ஸ் தீவின் சட்டம் என்று எடுத்துக்கொண்ட பழைய விதி, இன்றைக்கும் கப்பல் வணிகத்தில் அது நடைமுறையில் இருக்கிறது. தானாக விழுந்த மூட்டைக்கு அப்படிப் பங்கு கேட்க முடியாது. வீசியதா விழுந்ததா என்பதில் ஒருவருடைய பணமே அடங்கியிருக்கிறது.

கட்டுரையில் விட்டுப்போன லாகன் என்ற சொல்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வீசும் சரக்கு கனமானது, நேரே அடிக்குப் போய்விடும், பிறகு வந்து எடுக்க வேண்டும் என்று அதில் கயிறு கட்டி மேலே ஒரு போயாவையோ தக்கையையோ மிதக்க விடுவார்கள். அந்தத் தக்கை மிதக்கிறவரை 'இது என்னுடையது, திரும்பி வருவேன்' என்று சொன்ன மாதிரி. டெரிலிக்ட் இதற்கு நேர் எதிர், திரும்பப் பெறும் நம்பிக்கையோ எண்ணமோ இல்லாமல் கைவிட்ட கப்பல் அல்லது சரக்கு.

2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கவிழ்ந்து மூழ்கியபோது கொல்லம் பக்கம் கன்டெய்னர்கள் ஒதுங்கின, எங்கள் குமரிக் கடற்கரையிலும் வெள்ளை பிளாஸ்டிக் மணிகள் மணலோடு மணலாகக் கலந்து கிடந்தன. கரைக்கு வந்துவிட்டதாலேயே அவை ஜெட்சம் ஆகிவிடாது, யாரும் கப்பலைக் காப்பாற்ற அவற்றை வீசவில்லை. ஜெட்சம் என்று எழுதினால், மாலுமிகள் வேண்டுமென்றே கடலில் கொட்டினார்கள் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். விபத்துக்கு யார் பொறுப்பு என்று பேசும் இடத்தில் அது சின்னத் தவறு இல்லை.

இந்தச் சொற்களுக்குத் தமிழில் தனித்தனியாகப் புதுச்சொல் உருவாக்கியே தீர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பிரிட்டனின் 1995 கப்பல் சட்டம் நான்கையும் பெயர் சொல்லியே பட்டியல் போடுகிறது, ஆனால் நம் நாட்டில் 1958-ல் வந்த வணிகக் கப்பல் சட்டம் அந்தப் பெயர்கள் எதையும் சொல்லாமல், 'வீசப்பட்டு மூழ்கிய பொருள்', 'மீண்டும் கண்டெடுப்பதற்காக மிதக்கும் பொருளோடு கட்டப்பட்ட பொருள்' என்கிற ரீதியில் வாக்கியமாகவே விளக்கிவிட்டது. தமிழில் எழுதும்போது நாமும் அப்படியே செய்யலாம், படிப்பவர்களுக்கும் சட்டென்று புரியும். அடுத்த இதழில் திருத்தம் போடுவதாக இருந்தால், லாகன் பற்றியும் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குளச்சல்