செயலாளர் ஆண்டறிக்கை: மது விற்பனை விதிகளும் நம் சங்கமும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

தெருவிளக்கு, வடிகால், சந்தா பாக்கி பற்றிப் பொருளாளர் தம் அறிக்கையில் சொல்வார். இந்த ஆண்டு செயற்குழுவின் நேரத்தைப் பெரிதும் விழுங்கியது மது விற்பனை விதிமீறல்தான்; நான் அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குடிப்பவரைத் திருத்துவது நம் வேலையன்று. கடையை மூடச் சொல்லியும் நாம் தீர்மானம் போடவில்லை. உரிமத்தில் எழுதியிருப்பதை உரிமதாரர் மதிக்கட்டும் என்றுதான் கேட்டோம்: நேரம் தாண்டி விற்கக் கூடாது, சட்ட வயதை எட்டாதவருக்குத் தரக் கூடாது, நிதானம் இழந்தவருக்கு மேலும் ஊற்றக் கூடாது.

நடந்ததோ வேறு. நேரம் முடிந்ததும் ஷட்டர் முழங்கால் உயரத்துக்கு இறங்கும், விளக்கு அணையும். குனிந்து பணத்தை நீட்டினால் உள்ளிருந்து ஒரு கை பாட்டிலை நீட்டும். பில் கிடையாது. வாய்மொழியாகப் புகார் சொன்னபோது அதிகாரி ஆதாரம் கேட்டார், கேட்டது நியாயம்தான். அதன்பிறகு கண்டதை அன்றன்றே தேதி, நேரத்தோடு பதிவேட்டில் எழுதி, பார்த்தவரிடம் கையொப்பம் வாங்கி, உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கு மனுவாக அனுப்பினோம். சிறுவரை அனுப்பி வாங்கச் சொல்லிப் பிடிக்கலாம் என்ற யோசனையைச் செயற்குழு ஏற்கவில்லை. சோதனைக் கொள்முதல் அதிகாரிகள் செய்ய வேண்டிய வேலை.

மனுவுக்குப் பலன் இருந்தது. ஆய்வு நடந்தது, எச்சரிக்கை போனது, சில வாரம் ஷட்டர் நேரத்துக்கு இறங்கியது. அப்புறம் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். இது நம் பகுதிக்கு மட்டும் உரிய நோயன்று. ஒரு சோதனை உண்டாக்கும் பயம் சில மாதங்களில் தேய்ந்துவிடுவதாக அமெரிக்காவில் நடந்த ஆய்வும் காட்டுகிறது. ஆண்டுக்கொரு பெரிய ரெய்டைவிட அடிக்கடி வரும் சிறிய ஆய்வும், தப்பாமல் விழும் சிறிய தண்டனையும் மேல் என்பது என் கருத்து. அபராதத்தைக் கடைக்காரர் செலவுக் கணக்கில் எழுதிவிடுவார். உரிமம் சில நாள் முடங்கினால்தான் உறைக்கும்.

நேரக் கட்டுப்பாடு வெறும் சடங்கு என்று ஓர் உறுப்பினர் சொன்னார். பிரேசிலின் டியாடெமா நகரில் 2002-இல் இரவு 11 மணிக்கு மதுக்கூடங்களை மூட வைத்தபின் கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் 2008-இல் விடியற்காலை 5 மணி வரை திறந்திருந்த மதுக்கூடங்களை முன்னதாகவே மூடச் செய்தார்கள். இரவு நேரத் தாக்குதல்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன. இரண்டு இடத்திலும் விதியைக் காகிதத்தில் விட்டுவிடாமல் நடைமுறைப்படுத்தினார்கள்.

கடையை நெருக்கினால் கள்ளச்சாராயம் தலையெடுக்குமே என்று கேட்டவர்களும் உண்டு. இந்த அச்சத்தை நான் ஒதுக்கவில்லை. மெத்தனால் கலந்திருப்பதை மணத்தாலோ சுவையாலோ கண்டுகொள்ள முடியாது. உடலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்கும்; அறிகுறி தெரியவே பல மணி நேரம் ஆகலாம். குடித்தவருக்குக் கண் மங்கினால் போதை என்று படுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். நம் மனுவில் உரிமமில்லா விற்பனையையும் சேர்த்தது இதனால்தான்.

கடைசி மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பவும் பதிவேட்டைத் தொடரவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இவ்வறிக்கையை முன்வைக்கிறேன்.

செயலாளர்