304-ஏ தேடினால் 106(1) திறக்கிறது: சட்டத் தரவுத்தளச் சந்தாவைத் திருப்பித் தரக் கோரும் புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

ஐயா,

ஏழு மின்னஞ்சல், பதினோரு தொலைபேசி அழைப்பு, சென்னைக்கு ஒரு வீண் பயணம். எதற்கும் பலனில்லாததால் பதிவுத் தபாலில் எழுதுகிறேன்.

உங்கள் கடைசி அப்டேட்டுக்குப் பிறகு இந்திய தண்டனைச் சட்டத்தின் எந்தப் பிரிவைத் தட்டினாலும் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாதான் திறக்கிறது. கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான பழைய பிரிவு 304-ஏ கேட்டால், அதன் புதிய வடிவமான 106(1) வருகிறது. 2024 ஜூன் 30 வரை நடந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும். சன்ஹிதாவின் 358-வது பிரிவு அதைத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறது. 304-ஏ-யில் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 106(1)-இல் 5 ஆண்டு. ஜூன் மாத விபத்துக்கு 5 ஆண்டு என்று வாதிட்டால் குற்றம் நடந்தபோது இருந்த சட்டத்தைவிட அதிகத் தண்டனை கூடாது என்னும் அரசியலமைப்பின் 20(1) குறுக்கே நிற்கும்.

நடைமுறைச் சட்டத்துக்குக் கணக்கே வேறு. 2024 ஜூலை 1-இல் நிலுவையில் இருந்த புலனாய்வும் விசாரணையும் புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 531(2)(ஏ)-படி பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலேயே தொடரும். ஆக, குற்றம் நடந்த தேதி ஒன்று, வழக்கு எந்த நிலையில் இருந்தது என்பது இன்னொன்று. இரண்டையும் கேட்காமல் உங்கள் தளம் பிரிவு மாற்றிக் கொடுப்பது ஆபத்து.

இதைச் சொன்னதற்கு உங்கள் உதவி மைய ஊழியர் தந்த பதில்: "நம்பர்தான் சார் மாறியிருக்கு, சட்டம் ஒண்ணுதானே? நீங்க வக்கீல்தானே, கெஜட்ல பாத்துக்க வேண்டியதுதானே?" சொல்லிவிட்டு இணைப்பைத் துண்டித்தார். எண் மட்டுமா மாறியது? ஒரு மனிதனின் 3 ஆண்டு சிறைவாசம் அந்த வித்தியாசத்தில் இருக்கிறது. ஒவ்வொரு அரசிதழையும் நானே புரட்ட வேண்டுமென்றால், ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ. 26,550 எதற்காக வாங்கினீர்கள்?

அரசிதழைப் பார்க்க வேண்டியவர்கள் நீங்கள். 23-2-2024 அறிவிப்பு, நியாய சன்ஹிதாவை ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, வாகனம் மோதி மரணம் விளைவித்துவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடுவதைப் பற்றிய 106(2)-ஐ மட்டும் வெளிப்படையாக விலக்கியது. உங்கள் பக்கத்திலோ சட்டம் முழுவதற்கும் ஒரே தேதி. பிரிவுவாரியாகத் தேதி போட இடமே வைக்கவில்லை.

காசோலை வழக்குக்கும் இதே கதிதான். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-இல், காசோலை திரும்பிய தகவல் கிடைத்தபின் அறிவிப்பு அனுப்பும் கெடு 15 நாளாக இருந்தது. 2002-ஆம் ஆண்டின் 55-வது சட்டம் அதை 30 நாளாக்கி, 6-2-2003 முதல் நடைமுறைக்கு வந்தது. உங்கள் குறிப்புரைப் பக்கம் இன்னும் 15 நாள் என்கிறது. அறிவிப்பு கிடைத்தபின் பணம் செலுத்தத் தரும் 15 நாளோடு இதைக் குழப்பிக்கொண்டு, கெடு முடிந்தது என்று ஒரு ஜூனியர் வக்கீல் தன் கட்சிக்காரரைத் திருப்பி அனுப்பினால் அந்தப் பாவம் யாருக்கு? இந்து திருமணச் சட்டத்தில் 7-க்குப் பிறகு நேரே 8. தமிழ்நாடு 1967-இல் சேர்த்த 7-ஏ, சுயமரியாதைத் திருமணப் பிரிவு, காணவே இல்லை. தமிழ்நாட்டில் விற்கிறீர்கள், மாநிலத் திருத்தம் இல்லை!

மதுரையிலிருந்து இரவுப் பேருந்தில் சென்னை வந்த என்னை மாலை 3 மணி வரை உங்கள் வரவேற்பறையில் உட்கார வைத்து, "டெக்னிக்கல் டீம் இங்க இல்ல, மெயில் போடுங்க" என்றார்கள். அந்த ஒரு நாளுக்கே உங்களிடம் லட்ச ரூபாய் கேட்கலாம். என் தொழிலுக்கும் பெயருக்கும் நேர்ந்த சேதம் ஐந்து லட்சத்துக்குக் குறையாது.

இருந்தாலும் பொறுமையாகவே கேட்கிறேன். தயவுசெய்து 15 நாட்களுக்குள் தானாகப் பிரிவு மாற்றுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரிவின் அடியிலும் திருத்தச் சட்டத்தின் எண், ஆண்டு, நடைமுறைக்கு வந்த நாள் மூன்றையும் போடுங்கள். 7-ஏ-யைச் சேருங்கள். முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பித் தாருங்கள்.

தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் 34(2)(டி)-படி, நான் வசிக்கும் ஊரான மதுரையின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடுவேன். வணிக நோக்கம் என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். சுயதொழிலால் பிழைப்பு நடத்துபவரை, 'நுகர்வோர்' யார் என்று சொல்லும் 2(7)-இன் விளக்கம் காக்கிறது.

அந்த ஊழியருடன் நான் பேசிய அழைப்பின் ஒலிப்பதிவை அழித்துவிடாதீர்கள். அதைத்தான் முதலில் தாக்கல் செய்யச் சொல்லிக் கேட்பேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர், வழக்கறிஞர், மதுரை

இணைப்பு: திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) நகல்கள் 9, கட்டண ரசீது 1