கையடக்கம் என்னும் சொல்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். "கையடக்கத் தொலைபேசி பழுதாகிவிட்டதால் தபாலில் எழுதுகிறேன்" என்று தொடங்கியிருந்தீர்கள். இங்கே நாங்கள் கைபேசி, அலைபேசி என்று எழுதி, பேச்சில் வெறும் செல் என்று சுருக்கிக்கொண்டோம். யாழ்ப்பாணத்தில் அது இன்னும் முழுப் பெயரோடு புழங்குவதைக் கண்டதும், கருவியின் பழுதை மறந்து அந்தப் பெயரிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டேன்.

முழங்கு முழக்கமாவது போல, தயங்கு தயக்கமாவது போல, அடங்கு என்னும் வினை மெல்லினம் வல்லினமாகி அடக்கம் ஆகிறது. ஒன்றுக்குள் இன்னொன்று கொள்வதே அதன் அடிப்படைப் பொருள் என்று எனக்குப் படுகிறது. நூலின் உள்ளடக்கம், வியாபாரி லாபம் சேர்க்குமுன் கணக்கிடும் அடக்கவிலை, மண்ணுக்குள் வைக்கும் நல்லடக்கம் எல்லாம் அதன் கிளைகள்தாம். பணிவைக் குறிக்கும் அடக்கமும் வேறல்ல. அடக்கமுடைமை அதிகாரத்தின் 126ஆம் குறளில், ஓட்டுக்குள் உறுப்புகளை இழுத்துக்கொள்ளும் ஆமையைத்தானே வள்ளுவர் காட்டுகிறார்!

ஆங்கிலத்துப் 'போர்ட்டபிள்' வேறு வழியில் வந்தது. சுமத்தலைக் குறிக்கும் 'போர்த்தாரே' என்ற லத்தீன் வினை அதன் வேர். ரயில் நிலையத்துப் போர்ட்டரும் அந்தக் குடும்பத்தவரே. சுமக்க முடியுமா என்று அது கேட்கிறது, கைக்குள் கொள்ளுமா என்று நம் சொல் கேட்கிறது. எங்கள் வீட்டு 14 அங்குலப் போர்ட்டபிள் டிவி நினைவிருக்கிறதா? முதுகு புடைத்த அந்தப் பெட்டியை நீங்களும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சு வாங்க மாடியேற்றினோம்; அதன்பின் பழைய சாமான்காரர் எடுத்துப் போகும்வரை அது மேசையைவிட்டு அசையவேயில்லை.

சென்ற வாரம் பீரோவை ஒழித்தபோது, அப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் இருந்த கையடக்கத் திருக்குறள் அகப்பட்டது. விரித்த உள்ளங்கைக்குள் 1330 குறளும் அடங்கிவிடுகின்றன. வியர்வை பட்டு அட்டை வெளிறியிருக்கிறது. இடையில் ஒரு பேருந்துச் சீட்டு, மை முற்றிலும் மங்கிப்போய். எழுத்து அத்தனை பொடியாக இருப்பதால் கண்ணாடி போட்டும் என்னால் படிக்க முடியவில்லை. அப்பாவிடம் அதை வாங்கி வாங்கிப் புரட்டியவர் நீங்கள்தாம் என்பதால், சீட்டை எடுக்காமல் அப்படியே உங்களுக்கு அனுப்புகிறேன். எங்கள் தபால் நிலையத்தில் பார்சல் என்று வாங்கிக்கொள்வார்கள்; உங்கள் ஊரில் பொதி வந்திருப்பதாகச் சொன்னால் போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய அறைத்தோழன்