அறுவைக்கு முன்பே சோடாவை விட்டுவிடு, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

உடல் எடையைக் குறைக்கும் அறுவைசிகிச்சைக்கு நீ ஒப்புக்கொண்டதையும் மருத்துவர் தேதி குறித்துக் கொடுத்ததையும் அம்மா தொலைபேசியில் சொன்னார். கூடவே, "சோறு, பலகாரம் எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டானாம், சோடாவையும் கலரையும் மட்டும் ஆபரேஷன் வரைக்கும் குடித்துக்கொள்கிறேன், அதற்குப் பிறகு எப்படியும் விடத்தானே போகிறேன் என்கிறான்" என்றும் சொன்னார். அந்தக் கணக்கு சரியில்லை என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். உனக்குத் தனியாக எழுதாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம், இதே அறுவைக்குப் பெயர் கொடுத்துவிட்டு இதே கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கத்தில் வேறு பலரும் இருப்பார்கள் என்பதுதான். உன் பெயரை நான் எங்கும் எழுதவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

உன் பழக்கம் எனக்குத் தெரியாததல்ல. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் நெருப்புக்கு முன்னால் உட்கார்ந்து கொலுசு வேலை பார்க்கிறவனுக்கு, வெளியிலும் 40 டிகிரி வெயில் அடிக்கிற சித்திரை மாதத்தில், முனைக்கடையிலிருந்து சில்லென்று வந்து இறங்கும் பாட்டில் ஓர் ஆறுதல்தான். சாயங்காலம் தட்டுவடை செட் தின்றால் அதன் காரத்துக்கு ஒரு பன்னீர் சோடா. கல்யாண வீட்டில் பந்தி முடிந்தால் செரிப்பதற்கு ஒரு கோலி சோடா. ஏற்காட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரும்போது வளைவுகளில் குமட்டாமலிருக்க அடிவாரத்தில் உப்புப் போட்ட எலுமிச்சை சோடா. இரவில் கணக்கு எழுதும்போது கண் சொக்காமலிருக்க 600 மி.லி. கோலா. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருக்கிறாய். அதனால்தான் அறுவை முடிந்த அன்றே இவை அத்தனையும் தாமாக உதிர்ந்துவிடும் என்று நீ எண்ணுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அறுவை இரைப்பையை மாற்றும்; சாயங்காலம் ஆறு மணியை மாற்றாது.

முதலில் இந்தச் செரிமானக் கதையை முடித்துவிடுவோம். சோடா குடித்தால் ஏப்பம் வரும், ஏப்பம் வந்தால் தின்றது செரித்துவிட்டது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் நம்பினார்கள். ஏப்பமாக வெளியே வருவது சோடாவோடு உள்ளே போன அதே கரியமில வாயுதான். சோற்றுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கோலா வகைப் பானங்களில், பானத்தின் அளவைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு வாயுவை அழுத்திக் கரைத்து அடைத்திருப்பார்கள். அப்படியானால் 300 மி.லி. பாட்டிலுக்குள் ஒரு லிட்டர் அளவுக்கு வாயு காத்திருக்கிறது. 1870களில் ஹிராம் காட் என்ற ஆங்கிலேயர் உருவாக்கிய கோலி சோடாப் புட்டியில், அந்தக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு ஒட்டிப் பிடித்திருப்பது உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம் மட்டுமே. அதை உள்ளே தள்ளுவதற்குக் கட்டைவிரலில் எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பது உனக்கே தெரியும். புட்டியைத் திறந்ததும் ஒரு பகுதி வாயு பறந்துவிடும் என்பது உண்மைதான். மீதி வயிற்றின் சூட்டில்தான் பிரிந்து வெளியேறுகிறது.

இன்றைக்கு உன் இரைப்பை அதைத் தாங்கிக்கொள்கிறது, ஏனென்றால் அது ஒரு லிட்டருக்கு மேலும் விரிந்து கொடுக்கக்கூடியது. அதன் மேற்பகுதி தளர்ந்து இடம் விடுகிறது. வாயு அங்கே சேர்ந்து, பிறகு ஏப்பமாக வெளியேறுகிறது. எனக்குச் செய்த ஸ்லீவ் அறுவையில், அந்த மேற்பகுதியையும் சேர்த்து இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு பெரும்பாலும் அங்கேதான் உண்டாகிறது என்பதால், பசியும் அதோடு குறைகிறது. அது நமக்கு நல்லது. ஆனால் வாயு தங்குவதற்கு இருந்த இடமும் அதோடு போய்விடுகிறது. எஞ்சுவது ஒரு வாழைப்பழத்தின் அளவில், 100 முதல் 150 மி.லி. வரை கொள்ளும் ஒடுங்கிய குழாய். உனக்குச் சொல்லியிருக்கும் பைபாஸ் அறுவையில் நிலைமை இன்னும் இறுக்கம்: மேலே ஏறத்தாழ 30 மி.லி. கொள்ளும் சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலோடு நேராக இணைத்துவிடுகிறார்கள். இரண்டு மடக்குத் தண்ணீரே நிரப்பிவிடும் இடத்துக்குள் பானம் போய், அதற்குப் பின்னாலேயே அதன் வாயுவும் பிரிந்தால், நடு நெஞ்சில் வலியும் உப்புசமும் குமட்டலும் வராமல் என்ன செய்யும்? ஸ்லீவ் செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. இரைப்பையின் கீழ்வாய் சுருங்கியே இருப்பதால் குழாய்க்குள் அழுத்தம் மேல்நோக்கித் திரும்பி, அமிலத்தைத் தொண்டைவரை கொண்டுவருகிறது. அறுவைக்குப் பிறகு நெஞ்செரிச்சலோடு போராடுகிறவர்களில் சோடாவையும் விடாதவர்களைப் பார்க்கும்போது எனக்கு இரக்கமும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சோடா குடித்தால் சுருக்கி வைத்த இரைப்பை மறுபடியும் விரிந்துவிடும் என்று உன்னிடம் பலர் சொல்வார்கள். பல மருத்துவமனைகளிலும் எச்சரிக்கையாக இதைச் சொல்வதுண்டு. ஆனால் அதை உறுதியாக நிறுவும் வலுவான ஆய்வுச் சான்று கிடையாது. இந்தப் பயத்தை மட்டும் நம்பி நீ சோடாவை விடுவதை நான் விரும்பவில்லை. ஏனென்றால் என்றாவது ஒரு விருந்தில் யாரோ நீட்டிய பாட்டிலில் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லையே என்று நீ கண்டுகொண்டால், மற்ற எச்சரிக்கைகளும் வெறும் பூச்சாண்டி என்று தோன்றிவிடும். வலி, அமில எதுக்களிப்பு, சர்க்கரை ஆகிய காரணங்களே போதுமானவை.

சர்க்கரையை நீ இலேசாக எண்ணிவிடாதே. கோலாவில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது; ஆக உன் இரவுப் பாட்டிலில் மட்டும் 60 கிராமுக்கு மேல். சுருக்கப்பட்ட இரைப்பை இட்லியைத் தடுத்து நிறுத்தும். தண்ணீராக வருவதை அப்படித் தடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுவதும் உறிஞ்சிக்கொண்டிருந்தால், இவ்வளவு செலவும் வலியும் பட்டுக் குறைத்த எடையை அப்படியே திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு, அடர்ந்த சர்க்கரை நேரே சிறுகுடலில் இறங்கும்போது, அரைமணி நேரத்துக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு எல்லாம் ஒன்றாக வரக்கூடும். டம்பிங் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கித் தலைசுற்றும்.

இவையெல்லாம் அறுவைக்குப் பிந்திய கதைதானே என்று நீ கேட்பாய். முன்பே விடச் சொல்வதற்கு முதற்காரணம் உன் கல்லீரல். அதன் இடது மடல் இரைப்பையின் மேல் கவிந்திருக்கிறது. கொழுப்பேறிப் பெருத்த கல்லீரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, சிறு துளைகள் வழியாகக் கேமராவை வைத்து வேலை செய்வது அறுவை நிபுணருக்குக் கடினம். அதனால்தான் அறுவைக்கு முன்பு ஏறத்தாழ இரண்டு வாரங்களுக்கு மாவுச்சத்தும் கொழுப்பும் குறைந்த, புரதம் நிறைந்த உணவு கொடுக்கிறார்கள். அதில் கல்லீரல் கண்கூடாகச் சுருங்கும். சோற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு இரவில் 60 கிராம் சர்க்கரையைக் குடித்தால், அந்த இரண்டு வாரப் பட்டினி யாருக்காக?

இரண்டாவது காரணம் கோலாவிலுள்ள காஃபீன். நாள்தோறும் காபியும் கோலாவுமாகப் பழகிய உடம்பு, அவை திடீரென்று நின்றால், ஒரு நாளுக்குள் தலைவலியும் சோர்வும் எரிச்சலுமாகத் திருப்பிக் காட்டும். ஒரு வாரத்துக்கு மேலும் அது நீடிக்கலாம். அந்தத் தலைவலி பட்டறையில் இருக்கும்போது வந்து போகட்டும். மயக்க மருந்து தெளிந்து, தையல் வலியோடு படுத்திருக்கும்போது அதுவும் வந்து சேர வேண்டாம். அப்போது உனக்கு வாயுத் தொல்லை வேறு இருக்கும்: லேப்ராஸ்கோபி என்னும் இந்தச் சிறுதுளை அறுவையின்போது வயிற்றை உப்பவைத்து இடம் உண்டாக்குவதற்கும் இதே கரியமில வாயுவைத்தான் செலுத்துகிறார்கள். அதில் மிச்சம் நின்றது, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தை உறுத்தி, சில நாட்கள் தோள்பட்டையில் வலிக்கும். எழுந்து நடக்க நடக்கக் குறையும்.

மூன்றாவது, நான் மிகவும் பெரிதாக நினைப்பது, பழக்கம். ஒரு நேரத்தில் ஒன்றாக விடு. இரவுக் கோலாவை முதலில் நிறுத்து, அதுதான் பெரியது. பட்டறைப் பாட்டிலுக்குப் பதிலாக மண்பானைத் தண்ணீரோ, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்டு நீர்க்கக் கரைத்த மோரோ கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். சர்க்கரை போடாமல் உப்பு மட்டும் சேர்த்த எலுமிச்சைச் சாறு, ஆறவைத்த சீரகத் தண்ணீர் இரண்டும் நல்லவை. நன்னாரி சர்பத் நல்லதுதானே என்று அம்மா ஊற்றிக் கொடுப்பார். அதில் இருப்பது பெரும்பாலும் சர்க்கரைப் பாகு. தட்டுவடை செட்டுக்குப் பிறகு எதைக் குடிப்பது என்று கேட்காதே, அறுவைக்குப் பிறகு பல வாரங்கள் தட்டுவடையே கிடையாது.

குறுக்கு வழிகளையும் நீ தேடுவாய் என்பதால் அவற்றையும் இப்போதே அடைத்துவிடுகிறேன். சர்க்கரை இல்லாத டயட் வகைகளில் சர்க்கரை மட்டும்தான் இல்லை. வாயுவும் அமிலமும் அப்படியே இருக்கின்றன, நாக்கும் இனிப்பை மறப்பதில்லை. இரவெல்லாம் மூடியைத் திறந்துவைத்து வாயுவைப் போக்கிவிட்டுக் குடிக்கிறவர்களும் உண்டு. வாயு போகும், சர்க்கரை எங்கே போகும்? பெட்டியில் வரும் மாம்பழச் சாறும் இதில் சேர்த்தி. பீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை என்று நம்புகிறேன். எல்லோரும் மறந்துவிடுவது ஒன்று உண்டு: நெஞ்சு எரிந்தால் தண்ணீரில் போட்டுக் குடிக்கும் ஈனோ போன்ற பொடிகளும், நுரைத்துக் கரையும் விட்டமின் மாத்திரைகளும் அதே வாயுவைத்தான் உண்டாக்குகின்றன. அறுவைக்குப் பிறகு நெஞ்செரிச்சல் வந்தால் மருந்துக்கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போ.

அறுவை முடிந்தபின் குடிப்பதே ஒரு வேலையாகிவிடும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். ஆனால் அண்ணாந்து ஊற்றி மடமடவென்று குடிக்கும் நம் வழக்கத்தை மறந்துவிட வேண்டும். சின்ன டம்ளரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயாக, நாள் முழுவதும் உறிஞ்ச வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. சாப்பிட்டு அரைமணி நேரம் கழித்துத்தான். ஸ்ட்ரா வேண்டாம், அதன் வழியாகக் காற்றும் உள்ளே போகும். எத்தனை காலத்துக்குச் சோடா கூடாது என்று கேட்டால், பல மையங்கள் வாழ்நாள் முழுவதும் என்கின்றன. சில இடங்களில் தொடக்க மாதங்களுக்குக் கண்டிப்பாகத் தடுத்துவிட்டு, பிறகு அவரவர் பொறுப்புக்கு விடுகிறார்கள். நான் முதல் கட்சி. கொஞ்சமாகக் குடிப்பது என்பது நம் இருவருக்கும் எந்தக் காலத்திலும் வந்ததில்லை.

நீ தேறி இங்கே வரும்போது அடிவாரத்துக் கடையில் வண்டியை நிறுத்தாதே. சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்கு வரும்போது உப்பிப்போயிருப்பதைப் பார்த்திருக்கிறாய். 1,500 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் அடைபட்ட வாயு விரிகிறது. குடித்த சோடாவின் வாயுவும் உன் வயிற்றில் அப்படித்தான் விரியும். குமட்டலுக்கு முன்சீட்டில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டு வா, ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்.

கடைசியாக ஒன்று, இதை மறக்காதே. சர்க்கரை நோய்க்கு நீ மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கிறாய். கோலாவையும் நிறுத்தி உணவையும் குறைக்கும்போது, அதே அளவு மாத்திரை உன் இரத்தச் சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிடக்கூடும். அதனால் விடப்போகிறாய் என்பதை மருத்துவரிடம் சொல்லிவிட்டே விடு. மாத்திரையின் அளவை எப்படி மாற்ற வேண்டும், சர்க்கரை இறங்கினால் உடனே எதை எடுத்துக்கொள்ள வேண்டும், அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களில் குடிக்கலாம் என்பவை எவை என்று மூன்றையும் கேட்டு, எழுதி வாங்கிக்கொண்டு வா. அன்று இரவே அதை எனக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டு.

அன்புடன்,
உன் அக்கா