பாப்பாவுக்கு, அடுப்பே பத்த வைக்காம 15 பேருக்கு

கண்ணு,

நேத்து ராத்திரி நீ பாதி சொல்லிட்டிருக்கும்போதே லைன் கட் ஆயிடுச்சு, அப்புறம் நானும் அம்மாவும் தூங்கற வரைக்கும் அதையே தான் பேசிட்டிருந்தோம். 26ஆம் தேதி வீட்டுக்கு 15 பேர் வராங்க, ஓவன் வேலை செய்யல, வீட்டு ஓனர் ஜனவரில தான் ஆள் அனுப்புவாராம், என்ன பண்றதுன்னே தெரியலப்பான்னு சொன்னியே, அந்தக் குரல் இன்னும் காதுலயே இருக்கு. வாய்ஸ் மெசேஜ் போட்டா பாதி கேட்டுட்டு வேலைக்கு ஓடிருவ, அதனால உக்காந்து டைப் பண்றேன். பொறுமையா படி. மாப்பிள்ளையையும் படிக்கச் சொல்லு, வெட்டறது துருவறது எல்லாம் அவரும் பண்ணலாம்.

ஓவன் இல்லையேன்னு கவலையே படாத. அப்பா ஏற்காட்டு ஓட்டல்ல 22 வருஷம் நின்னது கோல்டு கிச்சன்ல, சூடு பண்ணாத தட்டுங்கள அடுக்கற இடம். அங்க அடுப்பே கிடையாது பாப்பா. ரெண்டு ஃப்ரிட்ஜ், நீளமா ஒரு மேஜை, பலகை, கத்தி, துருவல், அவ்ளோ தான். டிசம்பர் 24க்கும் 31க்கும் மலை மேல கூட்டம் அள்ளும், 20 கொண்டை ஊசி வளைவுலயும் கார் வரிசையா நிக்கும், அந்த ராத்திரிக்கு வர்றவங்க கைக்கு மொதல்ல போற தட்டு எங்க மேஜையிலேர்ந்து தான் போகும். பக்கத்து ஹாட் கிச்சன்ல அவங்க வேர்த்து விறுவிறுத்து கத்திட்டிருப்பாங்க, நாங்க சத்தமில்லாம முடிச்சு வெச்சிருப்போம். காரணம் ஒண்ணே ஒண்ணு தான், எங்க வேலையில முக்கால்வாசி முந்தின நாளே முடிஞ்சிருக்கும். நீயும் அப்படித்தான் பண்ணப் போற, காலிங் பெல் அடிக்கும்போது நீ கையைத் தொடச்சுக்கிட்டு கிச்சன்லேர்ந்து எட்டிப் பாக்கக் கூடாது, வாசல்ல நின்னு வாங்கன்னு சொல்லணும்.

கணக்கு மொதல்ல போட்டுக்கோ. பின்னாடி சாப்பாடு இருக்குன்னா, மொதல்ல கைல குடுக்கற சின்னச் சின்ன தீனி ஆளுக்கு 5, 6 பீஸ் போதும். 15 பேருக்கு 90 வருது, 100ன்னு வெச்சுக்கோ. சாப்பாடே இல்ல இது தான் எல்லாம்னா ரெண்டு மடங்கு பண்ணணும். நீ பிரியாணி வெளிய சொல்லியிருக்கேன்னு சொன்னியே, அப்போ 100 போதும். மூணு வகைக்கு மேல வேண்டாம், ஆறு வகை பண்ணி எதுவும் ஒழுங்கா வராம போறதுக்கு மூணு வகையை நல்லா பண்ணு.

மொதல் வகை சீஸ் உருண்டை. தனித்தனியா சின்ன உருண்டை இல்லடா, தேங்கா சைஸ்ல ஒரே உருண்டை, நடுத் தட்டுல வெச்சு சுத்தி பிஸ்கட் அடுக்கி கூட ஒரு சின்ன கத்தி வெச்சுட்டா அவங்கவங்களே வழிச்சு எடுத்து தடவிக்குவாங்க. 400 கிராம் கிரீம் சீஸ், 200 கிராம் செடார் சீஸ். உங்க ஊர்ல செடாருக்கு பஞ்சமே இல்ல, நல்லா முத்தின செடாரா வாங்கு, ருசி தூக்கலா இருக்கும். ஆனா ஒண்ணு, துருவியே பாக்கெட்ல வர்றத வாங்காத, அது ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க மாவு தூவியிருப்பான், அதனாலயே உருட்டும்போது ஒண்ணு சேராம உதிரும். கட்டியா வாங்கி நீயே துருவு. அதே மாதிரி கிரீம் சீஸும் உங்க பக்கம் டப்பால தான் வருது, அதுல தண்ணி ஜாஸ்தி, அப்படியே போட்டா உருண்டை நிக்காது, தட்டுல உக்காந்துரும். நாம தயிர் கட்டித் தொங்க விடுவோம்ல, அதே மாதிரி ஒரு சுத்தமான மெல்லிசு துணில கட்டி வடிதட்டுல வெச்சு கீழ கிண்ணம் வெச்சு ராத்திரி ஃப்ரிட்ஜ்ல விட்டுரு. காலைல பாத்தா கிண்ணத்துல தண்ணி நிக்கும், துணில இருக்கறது கெட்டியா இருக்கும். கொழுப்பு கம்மின்னு போட்டிருக்கறத எடுக்காத, அது இந்த வேலைக்கு ஆகாது.

கலக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே வெளிய எடுத்து வை. ஜில்லுன்னு கலந்தா சின்னச் சின்ன கட்டியா நிக்கும், எவ்ளோ கிண்டினாலும் உடையாது. ஒரே ஒரு பல் பூண்டு நசுக்கிப் போடு, வெங்காயத் தாள் பொடிசா நறுக்கி ஒரு கை, அப்புறம் மிளகு. இந்த மிளகு தான் விஷயம். போன தடவை அம்மா பெட்டில வெச்சு விட்டாளே ஏற்காட்டு மிளகு, அது இன்னும் இருக்கா? காப்பித் தோட்டத்துல சில்வர் ஓக் மரத்துல ஏத்தி விட்ட கொடில வந்தது, ரெண்டு ஸ்பூன் எடுத்து உரல்ல ஒண்ணு ரெண்டா தட்டு, பொடி பண்ணிராத. வாய்ல வெச்சதும் மொதல்ல பால் வாசம், அப்புறம் ஒரு நொடி கழிச்சு நறுக்குன்னு காரம் வரணும். உப்பு போடாத, செடார்லயே இருக்கு, ருசி பாத்துட்டு வேணும்னா பாத்துக்கலாம். கிளிங் ஃபிலிம்ல, அதான் சாப்பாட்டைச் சுத்தற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்ல, கொட்டி முறுக்கி உருண்டையாக்கி குறைஞ்சது ரெண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜ், முந்தின நாளே பண்ணி வெச்சா இன்னும் நல்லது, பூண்டும் மிளகும் உள்ள இறங்கும். வறுத்த முந்திரிய உடச்சு மேல ஒட்டறது மட்டும் அன்னிக்கு சாயங்காலம் பண்ணு, முந்தின நாளே ஒட்டினா முந்திரி நமுத்துரும். ஆள் வர்றதுக்கு அரை மணி நேரம் முன்னாடி வெளிய வெச்சுடு, ஜில்லுன்னு இருந்தா சீஸ்ல ருசியே தெரியாது, தடவவும் வராது.

நமுக்கறதுன்னதும் ஒண்ணு சொல்லிடறேன், இது நான் பண்ணின தப்பு. வேலைக்குச் சேந்து ரெண்டாவது வருஷம், டிசம்பர் 31, 80 பிஸ்கட்ல சீஸ் தடவி மேல தக்காளி வெச்சு அழகா அடுக்கி சாயங்காலம் ஆறு மணிக்கே முடிச்சுட்டு கைகட்டி நின்னேன், நேரத்துக்கு முன்னாடி முடிச்சுட்டோம்னு பெருமை வேற. சன்னலை மூட மறந்துட்டேன். அந்த மாசம் ஏற்காட்டுல பனி எப்படி இறங்கும்னு உனக்கே தெரியும், எதிர்ல நிக்கற ஆள் தெரியாது, அது மொத்தமும் உள்ள வந்துடுச்சு, கீழேர்ந்து தக்காளித் தண்ணி, மேலேர்ந்து மூடுபனி. எட்டரைக்கு தட்டைத் தூக்கறேன், ஒரு பிஸ்கட்டை எடுத்தா நனஞ்ச அட்டை மாதிரி நடுவுல மடங்குது. 80ஐயும் கொட்டினோம். சீனியர் ஒருத்தர் ஒரு வார்த்தை திட்டாம கூட நின்னு திரும்ப அடுக்கிக் குடுத்தார், அன்னிக்கு தான் சொன்னார், தம்பி சாமானெல்லாம் நேத்தே ரெடியா இருக்கணும், ஆனா பிஸ்கட் மேல வெக்கறது ஆள் வாசலுக்கு வந்த பிறகு தான்னு. அதோட இன்னொண்ணும் அவர் கிட்ட கத்துக்கிட்டேன். பிஸ்கட்டோ ரொட்டியோ, மொதல்ல மெல்லிசா வெண்ணெய் ஒரு கோட்டிங் தடவிட்டு அது மேல மத்தத வெச்சா ஈரம் சீக்கிரம் கீழ இறங்காது. தக்காளி, வெள்ளரிக்கா வெச்சா விதைய வழிச்சு எடுத்துட்டு துணில ஒத்தி எடு, உப்பு கடைசில தான், உப்பு பட்டா தண்ணி விட ஆரம்பிச்சுரும்.

ரெண்டாவது வகைய நீ சிரிக்காம கேளு. தட்டுவடை செட். சின்னதுல டியூஷன் முடிஞ்சு சேலம் அம்மாபேட்டைல தள்ளுவண்டி பக்கத்துல நின்னு ரெண்டு பிளேட் சாப்பிட்டுட்டு வீட்டுல வந்து பசிக்கலன்னு சொல்லுவியே, அதே தான். யோசிச்சுப் பாரு, கீழ மொறுமொறுன்னு ஒரு தட்டு, மேல கார சட்னி, பச்சை சட்னி, துருவின கேரட்டு பீட்ரூட்டு, வெங்காயம், மூட இன்னொரு தட்டு, வாங்கற ஆள் கண்ணு முன்னாடி அடுக்கி கைல குடுக்கறான். ஓட்டல்ல கானப்பேன்னு பேர் வெச்சு நாங்க அடுக்கினதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? சேலத்துக்காரன் தெருவுலயே பண்றான். அம்மா நேத்தே மாவு சலிச்சுட்டா, அஞ்சு ரூபா காசை விடக் கொஞ்சம் பெரிசா, ஒரு வாய்க்கு போற மாதிரி 60 தட்டி பொரிச்சு கொரியர்ல அனுப்பறோம். வெண்ணெய் சீஸ் எல்லாம் இங்கேர்ந்து அனுப்ப முடியாது, பால் சாமான உங்க பக்கம் உள்ள விட மாட்டாங்க, அதை நீ அங்கயே வாங்கிக்கோ. கார சட்னிக்கு பதிலா கிரீம் சீஸ்ல காஞ்ச மிளகா ஊற வெச்சு அரைச்ச விழுது ஒரு ஸ்பூன் கலந்துக்கோ, பச்சை சட்னி கெட்டியா ஒரு பொட்டு, மேல கேரட் துருவல், பீட்ரூட்ட பிழிஞ்சுட்டு போடு இல்லைன்னா எல்லாம் ரோஸ் கலராயிரும். மேல மூடற தட்டு வேண்டாம், ஒண்ணு போதும். இதை மட்டும் நீ கிச்சன்ல அடுக்காத, எல்லாத்தையும் கிண்ணத்துல எடுத்துக்கிட்டு ஹாலுக்கே போ, அவங்க முன்னாடி நின்னு நம்ம வண்டிக்காரர் மாதிரி சரசரன்னு அடுக்கிக் குடு. இது எங்க ஊர்ல தெருவுல விக்கறதுன்னு சொல்லு. உன்னைச் சுத்தி நிப்பாங்க பாரு.

மூணாவது டூத்பிக்ல குத்தறது, குழந்தைகளுக்கும் ஆகும். நான் சேந்த புதுசுல டப்பா சீஸ் தான், ஓப்பனர் வெச்சு ரெண்டு பக்கமும் திறந்து ஒரு பக்கம் தள்ளினா உருளையா வெளிய வரும், அதை சதுரமா வெட்டி அன்னாசி, செர்ரி. நீ செடாரையே வெட்டு. கத்திய சுடு தண்ணில முக்கி துணில தொடச்சுட்டு வெட்டினா சீஸ் கத்தில ஒட்டாது, ஒவ்வொரு நாலு வெட்டுக்கும் ஒரு தடவை முக்கணும், அப்ப தான் ஓரம் கண்ணாடி மாதிரி நிக்கும். மெத்துன்னு இருக்கற சீஸ்னா கத்தியே வேண்டாம், அவிச்ச முட்டைய அம்மா நூல் போட்டு அறுப்பாளே அப்படி அறு. புது அன்னாசி போடறதா இருந்தா கடைசி நிமிஷத்துல தான் குத்தணும், அதுல ஒரு சத்து இருக்கு, அது பால்ல இருக்கற புரதத்தை உடைச்சுரும், நேரம் ஆக ஆக கசக்கும். டின்ல வர்ற அன்னாசிய சூடு பண்ணித் தான் அடைக்கறாங்க, அதுல அந்தப் பிரச்சனை வராது. பேரிக்காயும் நல்லா சேரும், வெட்டினதும் எலுமிச்சம் சாறு ஒரு பிரட்டு பிரட்டு, கறுக்காது.

நேரமே இல்லாம போச்சுன்னா இதை ஞாபகம் வெச்சுக்கோ. வடிகட்டின கிரீம் சீஸ ஒரு கிண்ணத்துல அமுக்கி தட்டுல கவுத்து, அம்மாவோட புளி இஞ்சிய வெல்லம் கொஞ்சம் தூக்கலா கரைச்சு மேல ஊத்தி விட்டுரு, வழிஞ்சு தட்டு பூரா ஓடட்டும். ரெண்டு நிமிஷ வேலை, ஆனா முதல்ல காலியாகறது அது தான்.

உன் ஆபீஸ்ல ஒரு பொண்ணு மாசமா இருக்கான்னு சொன்னியே. மேல வெள்ளையா பூஞ்சை படிஞ்ச பிரீ, கேமம்பர்ட் மாதிரி சீஸ் அந்தப் பொண்ணுக்கு அப்படியே குடுக்காத, மாசமா இருக்கறவங்களுக்கு அது வேண்டாம்னு டாக்டருங்க சொல்லுவாங்க. பாஸ்சரைஸ் பண்ணின, அதாவது சூடாக்கி கிருமி போக்கின பால்ல செஞ்ச கிரீம் சீஸ், செடார் பரவாயில்ல. சுத்த சைவம் ரெண்டு பேர் இருக்காங்கல்ல, அவங்களுக்காக அட்டைய திருப்பிப் படிச்சு வாங்கு, சில சீஸ உறைய வெக்கறதுக்கு கன்னுக்குட்டி வயித்துலேர்ந்து எடுக்கற சாமானத்த சேப்பாங்க, ஒரிஜினல் பார்மசான் சீஸ்ல அது கட்டாயம் உண்டு. சைவத்துக்கு ஏத்ததுன்னு எழுதியிருக்கும், அதைப் பாத்து எடு. நம்பி வந்து சாப்பிடறவங்க வயித்துல தெரியாம எதுவும் போகக் கூடாது, இதுல அப்பா எப்பவும் கறார் தான். வெளிய வெச்ச சீஸ் தட்டும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல வேண்டாம், ஹீட்டர் போட்ட ரூம்ல பால் சாமான் நிக்காது. பாதி பாதியா எடுத்து வை, காலியானா அடுத்த தட்டு.

உனக்கு நினைவு இருக்கான்னு தெரியல, நீ ஒண்ணாவது படிக்கும்போது புது வருஷத்தன்னிக்கு மத்தியானம் நான் மலைலேர்ந்து இறங்கி வந்தேன், டிஃபன் பாக்ஸ்ல மிச்சமான சீஸ் அன்னாசி நாலு குச்சி. நீ செர்ரிய மட்டும் தின்னுட்டு அப்பா நீ ஏன் நேத்து வரலன்னு கேட்ட. 22 வருஷமும் அந்த ராத்திரிக்கு மட்டும் என்னால இறங்க முடிஞ்சதே இல்ல பாப்பா. மத்தவங்க வீட்டு சந்தோஷத்துக்குத் தட்டு அடுக்கினேன், உனக்கு ஒரு தடவை கூட அடுக்கல. அதான் இவ்ளோ நீளமா எழுதறேன். கூட நிக்க முடிஞ்சா உன் பக்கத்துல நின்னு கேரட் துருவியிருப்பேன்.

தட்டுவடை கொரியர் வந்ததும் டப்பாவ உடனே திறக்காத, அன்னிக்கு வரைக்கும் காத்து போகாம வை. உனக்கு சாயங்காலம் ஏழு மணின்னா இங்க ராத்திரி பன்னண்டரை. அந்த நேரம் எனக்கு பழக்கம் தான், முழிச்சே இருப்பேன். ஆள் வர்றதுக்கு முன்னாடி தட்டு அடுக்கினத ஒரு போட்டோ அனுப்பு, ஓரம் தொடச்சிருக்கியான்னு பாத்துட்டு சொல்றேன்.

அப்பா