வாய் கோணினால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொட்டாஞ்சேனையில் மருந்துக் கடை ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். "அப்பாவுக்கு வாய் ஒரு பக்கம் இழுக்கிறது, பேச்சுக் குழறுகிறது. பிரஷராகத்தான் இருக்கும். ஒரு குளிசை தாருங்கள்" என்று மூச்சிரைக்க வந்து நிற்கும் பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன். சிலர் அஸ்பிரின் கேட்கிறார்கள். நான் கொடுப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்களும் உண்டு.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இவை பாரிசவாதத்தின் (ஸ்ட்ரோக்) அறிகுறிகளாக இருக்கலாம். அது பெரும்பாலும் மூளைக்குச் செல்லும் நாடியை இரத்தக்கட்டி அடைப்பதால் வருகிறது. சிலருக்கோ நாடி வெடித்து இரத்தம் கசிவதால் வருகிறது. வெளியே தெரியும் அறிகுறிகள் ஒன்றுதான். ஸ்கேன் எடுக்காமல் எந்த வைத்தியராலும் எது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. கசிவு உள்ளவருக்கு அஸ்பிரின் ஆபத்து. அடைப்பு உள்ளவருக்குப் பிரஷரைச் சடுதியாக இறக்கினால், மூளைக்குப் போய்க்கொண்டிருக்கும் கொஞ்ச இரத்தமும் குறைந்துவிடும். விழுங்க முடியாதவருக்குக் குளிசையும் தண்ணீரும் சுவாசக் குழாய்க்குள் போகக்கூடும்.

இன்று இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது என்பதால்தான் என் மனம் பதைக்கிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை, அறிகுறி தொடங்கி 4.5 மணி நேரத்துக்குள் போடலாம். பெரிய நாடி அடைபட்டிருந்தால், தொடை மடிப்பிலோ மணிக்கட்டிலோ உள்ள நாடி வழியாக மெல்லிய குழாயை மூளை வரை செலுத்தி, கட்டியை உறிஞ்சியோ கம்பி வலையில் பிடித்தோ வெளியே எடுக்கிறார்கள். மண்டையைத் திறப்பதே இல்லை. 2015 இல் வெளியான பல ஆய்வுகள் இதன் பயனை ஐயமின்றி நிறுவின. மூளை நாடியில் ஏற்படும், வெடித்துக் கசியக்கூடிய வீக்கத்தையும் இதே வழியில் சென்று பிளாட்டினக் கம்பிச் சுருளால் அடைக்க முடிகிறது.

கட்டியை எடுக்க வழக்கமான எல்லை 6 மணி நேரம். ஸ்கேனைப் பார்த்துத் தெரிவு செய்யப்படும் சிலருக்கு மட்டும் 24 மணி நேரம் வரை செய்யலாம். அந்த 24 ஐக் கேட்டு யாரும் ஆறுதலடைய வேண்டாம். பெரிய நாடி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் மூளைக் கலங்கள் அழிகின்றன.

முகம் கோணினாலோ, ஒரு கை தூக்க முடியாமல் சரிந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள். தூங்கி எழும்போதே அப்படி இருந்தால், படுக்கப்போன நேரத்தைச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவரா என்பது அவர்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

சுகாதார அமைச்சிடம் ஒரு வேண்டுகோள். இரவிலும் ஸ்கேன் எடுக்கக்கூடிய வைத்தியசாலைகள் எவை, கட்டியை அகற்றும் வசதி எங்கே உண்டு என்ற பட்டியலை மும்மொழிகளிலும் அச்சிட்டு, ஒவ்வொரு மருந்துக் கடைக்கும் அனுப்புங்கள். வாசலிலேயே ஒட்டி வைக்கிறோம்.

மருந்தாளர் ஒருவர்,
கொழும்பு 13.